60 பிரேமும் இரண்டாவது கொன்ட்ரோலரும்

தெகிவளை வாசகர், 14 ஜூன் 2025, மாலை 6.05

ஸ்விட்ச் 2 என்ற விளையாட்டுக் கொன்சோல் வெளிவந்து ஒன்பது நாள். முதல் நான்கு நாளில் மட்டும் 35 இலட்சம் விற்றதாக நின்டெண்டோ அறிவித்திருக்கிறது. சோனியின் பிளேஸ்டேஷன் 5இன் பலத்துக்குக் கிட்டவும் வராத ஒன்றுக்கு ஏன் இந்தக் கூட்டம்? விநாடிக்கு 60 பிரேம், அதாவது 60 படம், நிலையாக ஓடாத எதையும் 2025இல் காசு கொடுத்து வாங்குகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. காரை விட்டுவிட்டு முச்சக்கர வண்டி வாங்குவது போல. சிறுபிள்ளைகளுக்கு என்றால் சரி. மறுப்பவர்கள் காரணத்தோடு வாருங்கள்.

14 ஜூன், இரவு 10.40

காரணத்தோடு வந்திருக்கிறேன் தம்பி. முதலில் அந்த முச்சக்கர வண்டியைத் தீர்த்துவிடுவோம். வேலை விடும் நேரத்தில் பம்பலப்பிட்டியிலிருந்து வெள்ளவத்தைச் சந்தை வரை காலி வீதியில் ஒருநாள் காரிலும் மறுநாள் முச்சக்கர வண்டியிலும் போய்ப் பாருங்கள். நான் சொல்ல வந்ததில் பாதியை வீதியே சொல்லிவிடும்.

மீதிப் பாதி இது. 2003 முதல் 2009 வரை வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நானும் ஒரு நண்பனும் கொன்சோல்களை மணிக்கணக்கில் வாடகைக்கு விளையாட விடும் கடை நடத்தினோம். நான்கு பிளேஸ்டேஷன் 2, நான்கு பழைய குழாய்த் தொலைக்காட்சி, எட்டு பிளாஸ்டிக் கதிரை. ஆளுக்கு மணிக்கு 40 ரூபாய். மேல்மாடியில் கணித டியூஷன் நடந்தது. வகுப்பு விட்டதும் படியில் காலடி கேட்கும், அடுத்த நிமிடம் எட்டுக் கதிரையும் நிறைந்துவிடும். உதைபந்தாட்டம்தான் ஓடும். கொன்ட்ரோலரில் இடது பெருவிரல் படும் இடத்து ரப்பர் மூன்று மாதத்தில் தேய்ந்து வழவழத்துப் போகும். சைக்கிள் டியூபை ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்கு வெட்டி அதன் மேல் ஒட்டுவேன். இரண்டு வாரம் நிற்கும், பிறகு யாருடைய வியர்வையிலாவது கழன்றுவிடும்.

அந்த ஆறு வருடத்தில் பிரேம் என்ற சொல்லை ஒருவர் வாயாலும் நான் கேட்கவில்லை. கேட்டதெல்லாம் ஒன்றுதான்: இரண்டாவது கொன்ட்ரோலர் ஒழுங்காக வேலை செய்யுமா? ஒரு கொன்சோல் நல்லதா கெட்டதா என்பதை இன்றைக்கும் நான் அதை வைத்தே அளக்கிறேன். பக்கத்துக் கதிரையில் ஒருவர் உட்கார முடிந்தால் நல்ல கொன்சோல்.

பலம் பற்றிக் கேட்டீர்கள். 2006இல் வந்த நின்டெண்டோ வீயைப் பாருங்கள். அதே ஆண்டு பிளேஸ்டேஷன் 3 உயர் தெளிவுப் படத்தோடு வந்தது, அதற்கு முந்திய ஆண்டே எக்ஸ்பொக்ஸ் 360 வந்துவிட்டது. வீக்கு அந்தத் தெளிவே கிடையாது. ஆனாலும் வரலாற்றில் அதிகம் விற்ற கொன்சோல் அதுதான். கையை வீசினால் திரையில் டென்னிஸ் மட்டை வீசும், அவ்வளவுதான் வித்தை.

15 ஜூன், காலை 7.15

நேற்று இரவு எழுதியதில் ஒரு பிழை. கொட்டாஞ்சேனை வாசகர் விடியற்காலை மூன்று மணிக்கு அதைப் பிடித்திருக்கிறார். அந்த நேரத்தில் அவர் ஏன் விழித்திருந்தார் என்பதை அவர் வீட்டார் விசாரிக்கட்டும்.

வீ 10 கோடிக்குச் சற்று மேல் விற்றது. தன் தலைமுறையில் அது முதலிடம், பிளேஸ்டேஷன் 3 எட்டே முக்கால் கோடியோடு பின்னால் நின்றது. ஆனால் வரலாற்றில் முதலிடம் பிளேஸ்டேஷன் 2க்குத்தான், 16 கோடிக்கு மேல். நான்கு பிளேஸ்டேஷன் 2 வைத்துப் பிழைத்தவன் அதை மறந்தது வெட்கம்தான்.

அவர் இன்னொன்றும் கேட்கிறார்: பலம் வேண்டாம் என்றால் 2012இல் வந்த வீ யூ ஏன் ஒரு கோடி 36 இலட்சத்தோடு படுத்தது? அதே கம்பனி, அதே பலவீனம். என்னிடம் உடனடிப் பதில் இல்லை. வீயோடு சேரும் மேலதிக உறுப்பா, புதுக் கொன்சோலா என்றே பலருக்கு விளங்காத பெயர் அது. ஆனால் பெயர் மட்டும் ஒரு கொன்சோலைக் கொன்றுவிடுமா என்றும் யோசிக்கிறேன். யோசித்து வருகிறேன்.

15 ஜூன், இரவு 9.20

யோசித்தேன். வீ யூவை விட்டுவிட்டு வேறு பக்கம் போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1989இல் வந்த நின்டெண்டோவின் கையடக்கக் கொன்சோலான கேம் போயின் திரையில் நிறமே இல்லை. பச்சையும் சாம்பலும் கலந்த நான்கு சாயல்கள் மட்டும், பின்னொளியும் கிடையாது. மறு ஆண்டு சேகா கம்பனி நிறத் திரையும் பின்னொளியும் கொண்ட கேம் கியரைக் கொண்டுவந்தது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கேம் போய் பிச்சைக்காரன் போல இருக்கும். ஆனால் கேம் கியர் ஆறு பென் டோர்ச் பட்டரியை மூன்று முதல் ஐந்து மணித்தியாலத்தில் குடித்து முடிக்கும். கேம் போய்க்கு நான்கு பட்டரி போதும், பத்து மணித்தியாலம் தாண்டியும் ஓடும். கேம் போயை உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பெய் யொகோய்க்கு, பழகித் தேய்ந்து மலிந்துபோன தொழில்நுட்பத்தை எடுத்து யாரும் நினையாத வேலைக்கு வைப்பதுதான் வழி. புதுச் சரக்கை மற்றவர்கள் துரத்தட்டும் என்று விட்டுவிடுவார்.

இதை நான் புத்தியால் விளங்கிக்கொண்டது எப்போதோ. வயிற்றால் விளங்கிக்கொண்டது 2022 மார்ச் முடிவில். நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. அக்காவின் வீடு வெள்ளவத்தைத் தொடர்மாடியில் ஐந்தாம் மாடி. லிப்ட் இல்லை, மின்விசிறி இல்லை, மேலே தண்ணீர் ஏற்றும் மோட்டரும் இல்லை. மருமகனின் பெரிய கொன்சோல் தொலைக்காட்சிக்குக் கீழே சாமிப்படம் போல அசையாமல் இருந்தது. மருமகளின் கையில் ஸ்விட்ச் லைட் என்ற பழைய கையடக்கக் கொன்சோல். மின்சாரம் வரும் இரண்டு மணித்தியாலத்தில் அதற்கு மின்னேற்றிவிட்டு, இருட்டில் பால்கனிக் கம்பியில் சாய்ந்துகொண்டு விளையாடுவாள். முகத்தில் மட்டும் வெளிச்சம். அண்ணன் பக்கத்தில் இருந்து எட்டிப் பார்ப்பான். 4கே படத் தெளிவு பற்றி அவன் வாயே திறக்கவில்லை அந்த மாதம் முழுக்க.

18 ஜூன், மதியம் 1.05

உணவு நேரத்தில் ஒரு சின்னக் குறிப்பு. தெகிவளைத் தம்பி தன் வயது 22 என்கிறார். தம்பி, உங்களுக்கு 60 பிரேம் பிறப்புரிமை. எங்களுக்கு 50.

விளையாட்டாகச் சொல்லவில்லை. இலங்கைத் தொலைக்காட்சி பால் (PAL) என்ற ஒளிபரப்பு முறை, விநாடிக்கு 50 தடவை புதுப்பிக்கும். ஜப்பானும் அமெரிக்காவும் 60. பால் நாடுகளுக்கு என்று வந்த பழைய வட்டுகள் பலவற்றில் வேகத்தைச் சரிசெய்யாமலே விட்டார்கள். ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும், மேலும் கீழும் கறுப்புப் பட்டை வேறு. ஓடுகிறவன் மெதுவாக ஓடுவான், பல விளையாட்டுகளில் பாட்டும் இழுத்துக்கொண்டு வரும். நாங்கள் அதுதான் அதன் வேகம் என்று நினைத்து வளர்ந்தோம். அமெரிக்க வட்டைப் போட்டால் வேகம் சரியாக இருக்கும், படம் கறுப்பு வெள்ளையில் வரும். இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். நான் நிறத்தைத் தெரிவுசெய்தேன். என் நண்பன் கறுப்பு வெள்ளையில் வேகத்தைத் தெரிவுசெய்தான்.

இப்போது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது. உங்கள் இன்றைய சண்டையை நாங்கள் அன்றே ஒரே அறையில் போட்டிருக்கிறோம். அவன் உங்கள் கட்சி.

21 ஜூன், இரவு 11.00

நான்கு நாளில் இந்த உரையாடல் இழை எங்கெங்கோ போய்விட்டது. சிலவற்றுக்கு மட்டும் பதில்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒருவர் ஜப்பானிலிருந்து கொன்சோல் கொண்டுவரலாமா என்று கேட்கிறார். பின்பக்கத்தில் எத்தனை வோல்ட் என்று அச்சடித்திருப்பதைப் படித்துவிட்டுச் செருகுங்கள். அங்கே 100, இங்கே 230. 2005இல் ஒரு வாடிக்கையாளரின் மாமா ஆசையோடு கொண்டுவந்ததை எங்கள் கடைச் சுவரில் அப்படியே செருகினோம். ஒரு சிறு சத்தம், பிறகு மீன் கருகியது போல ஒரு மணம். பிழை முழுவதும் எங்களுடையது. அந்தப் பையன் அழவில்லை, மாமாவுக்கு என்ன சொல்வது என்று மட்டும் கேட்டான்.

பம்பலப்பிட்டி வாசகி எழுதியிருப்பது இந்த இழையில் வந்தவற்றிலேயே உருப்படியானது. அவருக்குப் பிரேமும் வேண்டாம், பக்கத்துக் கதிரையும் வேண்டாம். வட்டு வேண்டும். ஒரு விளையாட்டை வாங்கி, முடித்து, விற்று, அந்தக் காசோடு கொஞ்சம் போட்டு அடுத்ததை வாங்குகிறார். மூன்று வருடமாக அவர் உண்மையில் செலவழித்தது இரண்டு வட்டின் விலைதானாம். வெளிநாட்டில் 70 டொலர் விலை போட்ட விளையாட்டு, டொலர் 300 ரூபாய் என்றாலே 21,000. அதைத் திருப்பி விற்க முடியாவிட்டால் அது நம் ஊரில் விளையாட்டே இல்லை என்கிறார்.

அவர் சொல்வதைக் கேட்டதும் 2013 நினைவுக்கு வந்தது. எக்ஸ்பொக்ஸ் வன் வரப்போகிறது, 24 மணித்தியாலத்துக்கு ஒருமுறை இணையத்தில் தலைகாட்ட வேண்டும், பழைய வட்டைக் கைமாற்றுவதற்குக் கட்டுப்பாடு உண்டு என்று மைக்ரோசொப்ட் சொன்னது. எழுந்த எதிர்ப்பில் ஜூன் 19ஆம் திகதியே இரண்டையும் கைவிட்டது. நன்றாக இணையம் உள்ள நாட்டில் இருந்துகொண்டு இதற்கு ஏன் இவ்வளவு கூச்சல் என்று கேட்டவர்களும் அன்று இருந்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்கள் வீட்டில் அது ஒரு பிரச்சினை அல்ல, அவ்வளவுதான்.

ஸ்விட்ச் 2க்கு வரும் சில அட்டைகளிலும் உள்ளே விளையாட்டு இல்லை, திறப்பு மட்டும்தான். மிச்சத்தைப் பதிவிறக்க வேண்டும். ஆனால் அந்த அட்டையைக் கைமாற்றலாம். வாசகி இதை எந்தக் கணக்கில் போடுவார் என்று அறிய ஆவல்.

கணக்கு என்றதும் ஒன்று. சோனியின் இணையச் சேவையான பிளேஸ்டேஷன் நெட்வேர்க்கில் கணக்குத் திறக்கும்போது வரும் நாட்டுப் பட்டியலில் இலங்கை இல்லை. ஆகவே என் கணக்கின்படி நான் 12 வருடமாகச் சிங்கப்பூர்வாசி. மருமகன் அமெரிக்கன். அவனுடைய கூட்டாளி ஒருவன் இந்தியன். மூவரும் ஒரே தொடர்மாடியில் ஒரே தண்ணீர்த் தொட்டியைப் பங்கிடுகிறோம். 2024 மே மாதம் சோனிக்காரர், ஹெல்டைவர்ஸ் 2 என்ற விளையாட்டை ஆடக் கணினிக்காரர்களும் இந்தக் கணக்கை இணைக்க வேண்டும் என்று சொல்லி, பட்டியலில் இல்லாத நாடுகளில் அந்த விளையாட்டின் விற்பனையையே நிறுத்தி, சில நாளில் கட்டாயத்தை மட்டும் திரும்பப் பெற்றார்களே, அப்போதுதான் நம்மைப் போல எத்தனை நாட்டவர் பொய் முகவரியில் வாழ்கிறோம் என்பது உலகத்துக்குத் தெரிந்தது.

22 ஜூன், காலை 8.30

ஒருவர் தன் கொன்சோல் பொத்தானை அழுத்தியபின் ஒரு கணம் யோசித்து அசைகிறது, ஆகவே குப்பை என்கிறார். கொன்சோலைத் திட்டுவதற்கு முன் தொலைக்காட்சியின் பட அமைப்பில் விளையாட்டுக்கென்று இருக்கும் நிலையைப் போடுங்கள். படத்தை வழுவழுப்பாக்கும் வசதியை அணையுங்கள். தொலைக்காட்சி படத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டிருக்கும் நேரத்தில் எதிரி உங்களைச் சுட்டுவிடுவான்.

29 ஜூன், மாலை 4.45

இன்று ஒரு சங்கடம்.

கடைக் கணக்கு எழுதிய சீ.ஆர். கொப்பிகள் நாலைந்து அம்மாவின் அலுமாரிக்கு மேல் கிடந்தன. இங்கே பெருமை பேசியதற்குச் சாட்சி தேடித்தான் இறக்கினேன். இரண்டாவது கொன்ட்ரோலர், பக்கத்துக் கதிரை என்று முழங்கினேனே, 2006ஆம் ஆண்டுக் கொப்பியில் அதை எண்ணிக் காட்டலாம் என்று நினைத்தேன். பக்கம் பக்கமாக '2 பேர், 1 மணி, 80' என்று என் கையெழுத்தில். நெஞ்சு நிமிர்ந்தது.

அதற்குப் பிறகு பார்த்தால், செவ்வாய், புதன், வியாழன் பகல் இரண்டரை மணிப் பதிவுகளில் ஒரு பெயரின் முதலெழுத்து மட்டும் திரும்பத் திரும்ப வருகிறது. மற்ற இடங்களில் இரண்டு எழுத்து, இங்கே ஒன்று. காசு மட்டும் இரண்டு பேருக்கு.

கொஞ்ச நேரம் விளங்கவில்லை. பிறகு ஆளே கண் முன்னால் வந்துவிட்டான். பதினைந்து பதினாறு வயது. எட்டு மெகாபைட் மெமரி கார்டைப் பொலித்தீன் பையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்திருப்பான். மூலையிலுள்ள தொலைக்காட்சிதான் வேண்டும். கதிரையைச் சுவர்ப்பக்கம் இழுத்துக்கொள்வான். அவன் விளையாடியது நீண்ட உரையாடல்கள் நிறைந்த ஜப்பானிய விளையாட்டு ஒன்று, பத்து நிமிடம் வாசித்தால் இரண்டு நிமிடம் சண்டை வரும். முதல் நாள் பக்கத்துக் கதிரையில் யாரோ வந்து உட்கார்ந்து, 'அந்தப் பெட்டியைத் திற, இங்கே போ' என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். மறுநாள் அவன் 80 ரூபாய் நீட்டினான். 'அண்ணா, பக்கத்து இடத்துக்கும் சேர்த்து' என்றான். கூட்டாளி வருகிறானா என்று கேட்டேன். 'இல்லை அண்ணா. யாரும் வரக்கூடாது.'

அந்த இரண்டாவது கொன்ட்ரோலரைச் சுருட்டித் தொலைக்காட்சிக்கு மேலே வைத்துவிடுவேன். வெற்றுக் கதிரைக்கு 40 ரூபாய் வாங்கியிருக்கிறேன், மாதக்கணக்காக. கழிவு கொடுத்ததாகவும் எழுதவில்லை.

அவன் வீட்டுக்கு ஒருமுறை மீதிக் காசு கொடுக்கப் போயிருக்கிறேன். இரண்டு அறை. பாட்டி, தாய் தகப்பன், சித்தப்பா குடும்பம், ஊரிலிருந்து வந்து நின்றவர்கள் என்று ஒன்பது பேர். 2006 என்றால் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் ஆட்கள் வெள்ளவத்தையில் வந்து இறங்கிக்கொண்டிருந்த நேரம். ஒரு மணித்தியாலம் ஒருவரும் பேசாத இடம் அவனுக்கு வேண்டியிருந்தது. கொழும்பு 6இல் அதை 80 ரூபாய்க்கு வேறு எங்கே வாங்குவது?

14ஆம் திகதி நான் எழுதியதை அழிக்கவில்லை, அப்படியே கிடக்கட்டும். ஆனால் நல்ல கொன்சோலுக்கு நான் கொடுத்த வரைவிலக்கணத்தில் என் சொந்தக் கடையின் நிரந்தர வாடிக்கையாளனுக்கே இடமில்லை.

3 ஜூலை, இரவு 10.10

தெகிவளைத் தம்பி நீளமாக எழுதியிருக்கிறார். முதல் தடவையாகக் கோபம் இல்லாமல். சுருக்கமாக: அவருடைய பெரியப்பா பிள்ளைகள் மூவரும் டொரொண்டோவில். ஞாயிறு காலை ஆறரைக்கு இவர் எழும்புகிறார், அங்கே சனி இரவு ஒன்பது. இரண்டு மணித்தியாலம் இணையம் வழியாகச் சேர்ந்து சுடும் விளையாட்டு ஆடுகிறார்கள். அவர்களிடம் பிளேஸ்டேஷன், ஆகவே இவரிடமும் பிளேஸ்டேஷன். பாதி நேரம் விளையாட்டைப் பற்றிய பேச்சே இல்லையாம். யாருக்குக் கல்யாணம், யார் வீட்டுப் பொம்பளைப் பிள்ளைக்குக் கார் ஓட்டத் தெரியவில்லை, அப்பம்மாவின் முழங்கால் எப்படி.

எனக்கு ஒரு கணக்குப் போடத் தோன்றியது. கொழும்பிலிருந்து டொரொண்டோ நேர்கோட்டில் ஏறத்தாழ 14,000 கிலோமீற்றர். கண்ணாடி இழைக்குள் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 200,000 கிலோமீற்றர் போகும். போய்வர 140 மில்லி விநாடி. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை, ஆகவே உண்மையில் இன்னும் கூடும். அந்த இழை வழியாக எந்தக் கம்பனி நினைத்தாலும் இதற்குக் கீழே இறக்க முடியாது. அதற்கு மேல் 30 பிரேம் என்றால் ஒரு படத்துக்கு 33 மில்லி விநாடி, 60 என்றால் 17. ஏற்கெனவே பிந்தித்தான் போய்ச் சேருகிறோம், அதிலும் 16 மில்லி விநாடியை ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும் என்கிறார். இது நியாயம். நான் மறுப்புத் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

அவருக்கும் பக்கத்துக் கதிரைதான் வேண்டியிருக்கிறது. கதிரை டொரொண்டோவில் கிடக்கிறது.

ஒரு திருத்தம் மட்டும், தம்பி. உறவுக்காரர் வைத்திருக்கும் கொன்சோலைத்தான் வாங்க வேண்டும் என்ற காலம் கொஞ்சம் தளர்ந்துவிட்டது. 2018 செப்டெம்பரில் சோனி ஃபோர்ட்நைட் என்ற விளையாட்டில் தொடங்கி மற்றக் கொன்சோல்காரர்களோடு சேர்ந்து விளையாடக் கதவைத் திறந்தது. எல்லா விளையாட்டுக்கும் இல்லை, ஆனாலும் ஸ்விட்ச் வைத்திருப்பவரும் அந்த முச்சக்கர வண்டியிலேறி உங்களோடு டொரொண்டோ வர வாய்ப்பு உண்டு.

10 ஜூலை, பௌர்ணமி விடுமுறை, மாலை 7.30

அக்கா வீட்டில் சோதனை நடத்தினோம். மருமகனின் பிளேஸ்டேஷன் 5இல் ஒரு விளையாட்டு, அதில் இரண்டு நிலை: அழகாகக் காட்டும் 30 பிரேம், வேகமாக ஓடும் 60 பிரேம். ஒவ்வொரு தடவையும் நான் கண்ணை மூடிக்கொள்ள அவன் மாற்றுவான் அல்லது மாற்றியது போல நடிப்பான். பத்துத் தடவை. அத்தான் நடுவர், கையில் வடை.

நிற்கும் படத்தில் எனக்கு வித்தியாசம் தெரியவே இல்லை. கமராவைச் சுற்றியபோது பத்தில் எட்டைச் சரியாகச் சொன்னேன். மருமகன் பத்துக்குப் பத்து, அதுவும் திரையைப் பார்க்காமல் என் கையைப் பார்த்து. 30 ஓடும்போது நான் கொன்ட்ரோலர் குச்சியை அளவுக்கு மேல் தள்ளிவிட்டுத் திரும்ப இழுக்கிறேனாம். 'மாமா, உங்களுக்குத் தெரியவில்லை, உங்கள் பெருவிரலுக்குத் தெரிகிறது' என்றான். சைக்கிள் டியூப் ஒட்டிய காலத்தில் ரப்பர் மூன்றே மாதத்தில் தேய்ந்ததற்கும் இது ஒரு காரணமோ?

பின்னால் சாய்கதிரையில் அம்மா. 78 வயது. அவர் கொன்ட்ரோலரைத் தொட்டதே இல்லை, ஆனால் பேரன் விளையாடுவதைத் தொடர்நாடகம் போலத் தினமும் பார்க்கிறார். எதுவும் கேட்காமலே தீர்ப்புச் சொன்னார்: 'முதலில் போட்டதையே போடு. அதில்தான் தண்ணீர் தண்ணீர் மாதிரி இருக்கிறது. மற்றதில் ஓடி ஓடித் தலை சுற்றுகிறது.' அவர் கேட்டது 30. திரையரங்கில் பார்க்கும் படம் விநாடிக்கு 24தான், அவர் கண் அதில் பழகியது.

மருமகன் 60க்கு மாற்றினான். அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார்.

11 ஜூலை, காலை 6.50

நேற்றைய குறிப்பில் விட்டுப்போனது. அம்மா போனபிறகு மருமகன் சத்தமில்லாமல் 30க்கு மாற்றிவிட்டுக் கூப்பிட்டான். 'அம்மம்மா, தண்ணீர் வந்துவிட்டது.' அதிலேயே ஒரு மணித்தியாலம் விளையாடினான். மூன்று தடவை செத்தான்.

19 ஜூலை, இரவு 11.25

வீ யூவைப் பற்றி யோசித்து வருகிறேன் என்று ஒரு மாதத்துக்கு முன் எழுதியதை ஒருவர் நினைவூட்டியிருக்கிறார். இன்னும் யோசிக்கிறேன்.

வேறொரு செய்தி. மெல்பேர்ணிலிருந்து வந்த அத்தானின் தங்கை, மருமகளுக்கு ஸ்விட்ச் 2 கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். அமெரிக்க விலைப்படி 450 டொலர், இங்கே 135,000 ரூபாய், வரி சேர்க்காமல். அக்கா இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தக் காசுக்கு எத்தனை மாத டியூஷன் என்று கணக்குப் போட்டு முடித்துவிட்டார்.

நான் மருமகளிடம் பேட்டி எடுத்தேன், இந்த இழைக்காகத்தான். 60 பிரேமா, இரண்டாவது கொன்ட்ரோலரா, வட்டு விற்கும் வசதியா? மூன்றும் இல்லை என்றாள். கட்டிலுக்குக் கீழே படுத்துக்கொண்டு விளையாட வேண்டுமாம். தொலைக்காட்சி கட்டிலுக்குக் கீழே வராது. மின்வெட்டு மாதத்தில் பழகிய பழக்கமா என்று கேட்டேன். 'இல்லை மாமா, அங்கே வெயில் வராது' என்றாள்.

அதோடு வந்த விளையாட்டைத் திறந்தோம். அட்டைக்குள் திறப்பு மட்டும். ஜூன் மாதம் பெரிய மனிதன் போல இங்கே எழுதியவனுக்கு, பெட்டி மூலையில் சிறிதாக அச்சடித்திருந்தது கடைசி வரை கண்ணில் படவில்லை. பதிவிறக்க வேண்டியது இந்த மாதம் மிஞ்சியிருக்கும் பகல் டேட்டாவை விடப் பெரிது. இரவு டேட்டா நள்ளிரவு 12க்குத் தொடங்கும்.

மருமகள் கட்டிலுக்குக் கீழே. மருமகன் கதவடியில் நின்று, இது எத்தனை பிரேம் ஓடும் என்று கேட்கிறான், அவள் பதில் சொல்வதாக இல்லை. அக்கா படுக்கப் போய்விட்டார் அல்லது படுத்தது போல இருக்கிறார். இன்னும் 35 நிமிடம்.